வாயில்லா ஜீவனுக்கு வழக்காடுவது யார்?

நமது கடையின் பின்சந்தில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சந்து ஐந்தடி அகலந்தான். அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் அந்த வழியாகத்தான் கடைக்குள் வரும். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வோரும் அந்த வழியாகத்தான் குறுக்கே நடப்பார்கள். நாய் கைலியில் பட்டுவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். சாப்பிட வருகிறவர்கள் முகஞ் சுளிப்பார்களே என்ற கவலை மறுபுறம். மூன்று கடைக்காரர்கள் ஒன்றுகூடி நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதத் தீர்மானித்தோம். எழுத்து வேலை நம் தலையில் விழுந்தது. நல்ல மலாய் மொழியில், மரியாதை குன்றாமல், நாயை அப்புறப்படுத்தும்படி கேட்டுக்கொண்டோம்.

ஆட்கள் வந்தார்கள். நீண்ட கம்பு, அதன் முனையில் கம்பிச் சுருக்கு. தாய் நாய் ஓடவில்லை. ஓடியிருந்தால் தப்பியிருக்கும், குட்டிகளை விட்டு ஓட அதற்கு மனமில்லை. சுருக்குக் கழுத்தில் விழுந்த பிறகு அதை லாரி வரையில் இழுத்துச் சென்ற விதத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. குட்டிகளில் இரண்டு அகப்பட்டன. ஒன்று சாக்கடை மூடிக்குள் புகுந்துகொண்டு மறுநாள் முழுதும் கத்திக்கொண்டிருந்தது.

நமது கடைச் சமையல்காரர் கீழக்கரைக்காரர். நம்மைவிட மூத்தவர், காக்கா என்றுதான் அழைப்போம். அன்றிரவு கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றார்.

“தம்பி, அப்புறப்படுத்துங்கண்டு எழுதுனீங்க. எப்படிண்டு எழுதலையே?”

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் இவ்விதழில் சற்று விரிவாக ஆராய எண்ணுகிறோம். சரக்கு விலை, லைசென்ஸ் விவகாரம், பிள்ளைகளின் கல்வி என்று பேசும் பக்கத்தில் நாய் பூனையைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். பொறுமையோடு படித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவது நல்லது என்பதில் நம்மவர் எவருக்கும் ஐயமில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண் நரகம் புகுந்ததையும், தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதன் மன்னிக்கப்பட்டதையும் நாம் மக்தப் வயதிலேயே கேட்டிருக்கிறோம். பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. இந்த இரக்கத்தை அவரவர் உள்ளத்துக்கு விட்டுவிடுவதா, அல்லது அரசாங்கம் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துவதா? கட்டாயப்படுத்துவதானால், இப்போதுள்ள சட்டங்கள் போதுமா, இன்னும் வலுவாக்க வேண்டுமா?

நமது அன்பர்களில் ஒருசாரார் கூறுவது இது: “இரக்கம் ஈமானைச் சேர்ந்த விஷயம். அது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. சர்க்கார் பிரம்பைக் காட்டி வரவழைத்த இரக்கம் இரக்கமாகுமா? அதற்கு நன்மை எழுதப்படுமா?” கேட்பதற்கு மிகவும் சரியாகவே தோன்றும். நாமும் நெடுநாள் இவ்வாறே எண்ணியிருந்தோம்.

ஆனால் இதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. நன்மை எழுதப்படுமா இல்லையா என்பது கொடுக்கிறவனுடைய பேரேடு. பட்டினி கிடக்கும் ஆட்டுக்கு அந்தப் பேரேட்டால் ஆவதென்ன? தழையைப் பக்தியினால் போட்டாலும், அபராதத்துக்குப் பயந்து போட்டாலும் அதன் வயிற்றுக்கு ஒன்றே. சட்டம் நம்மை நல்லவர்களாக்குவதற்காக வருவதில்லை. நாம் நல்லவர்களாக இல்லாத நாளில் எதிரில் நிற்கிறவனுக்குச் சேதம் வராமலிருப்பதற்காக வருகிறது.

வியாபாரிகளாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது அரிதன்று. சரியாக நிறுப்பது ஈமான் இல்லையா? அளவில் குறைப்போரைக் கண்டித்து ஒரு தனி ஸூராவே இறங்கியிருக்கிறதே! ஆயினும் நமது தராசுகளுக்கு அரசாங்கத்தின் முத்திரை உண்டு. இந்நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடைகள் அளவைகள் சட்டம் உண்டு. அதிகாரி வந்து படிக்கல்லைச் சோதித்தால், “ஐயா, என் நேர்மை எனக்கும் ரப்புக்கும் இடையில் உள்ள விஷயம்” என்று நம்மில் எவராவது கூறியதுண்டா? கூறினால் அதிகாரிக்குச் சந்தேகம் இருமடங்காகும்! முத்திரை குத்தியதால் நேர்மையாளனின் நன்மை குறைந்ததாக எந்த ஆலிமும் சொன்னதில்லை. அடுத்த கடைக்காரன் கள்ளப் படியை வைத்துக்கொண்டு நம்மைவிட மலிவாக விற்பது அந்த முத்திரையால்தான் தடைபடுகிறது.

இந்த ஒப்புமை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. முற்கால முஸ்லிம் நகரங்களில் கடைத்தெருவை மேற்பார்வையிட முஹ்தஸிப் என்றோர் அதிகாரி இருந்தார். படியையும் தராசையும் சோதித்தவர் அவர். கலப்படத்தைப் பிடித்தவர் அவர். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) காலமான இமாம் மாவர்தீ, ஆட்சி முறையைப் பற்றிய தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலில் முஹ்தஸிபின் கடமைகளை விளக்கும்போது, கால்நடைகளின் மீது தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுவோரைத் தடுப்பதையும் அவற்றோடு சேர்த்திருக்கிறார். ஆக, ஒரே அதிகாரி, ஒரே ரோந்து. காலையில் கள்ளப் படியைப் பறிமுதல் செய்தவர், மாலையில் கழுதையின் முதுகிலிருந்து மூட்டையை இறக்கச் சொன்னார். கழுதைக்காரன், “கழுதை என்னுடையது” என்றால், படிக்கல்லும் உன்னுடையதுதானே என்பது அவரிடமிருந்த பதில்.

இந்த இடத்தில் மத்ஹபு விஷயம் ஒன்றைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. நமது சங்கத்தில் ராவுத்தர்களும் இருக்கிறோம், மரைக்காயர்களும் இருக்கிறோம். பெரும்பாலும் முன்னவர் ஹனஃபி, பின்னவர் ஷாஃபி. தொழுகையில் கை கட்டுமிடத்தைப் பற்றித் தேநீரோடு விவாதிப்பது நமக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இவ்விரு மத்ஹபுகளும் நம்முடைய இன்றைய கேள்வியையே நேருக்கு நேர் விவாதித்திருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒருவன் தன் பிராணிக்குத் தீனி போட மறுக்கிறான். காழி அவனைக் கட்டாயப்படுத்தலாமா? போடாதவன் பாவி என்பதில் இரு சாராரும் ஒன்றே. ஷாஃபி மத்ஹபின் தீர்ப்பு: தீனி போடு, இல்லையேல் விற்றுவிடு, அறுத்துண்ணத் தக்கதாயின் அறுத்துவிடு. இம்மூன்றில் ஒன்றைச் செய்யுமாறு ஆட்சியாளர் அவனைக் கட்டாயப்படுத்துவார். ஹனஃபி மத்ஹபில் பிரதானமான கருத்தோ, அவன் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும், காழி கட்டாயப்படுத்துவதில்லை என்பது. காரணம் என்ன? கோர்ட்டு என்றால் வாதி ஒருவன் வேண்டும். உரிமை கேட்டு வழக்காட ஆள் வேண்டும். பிராணிக்கு வாயில்லை, அதன் பெயரால் வழக்குத் தொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே வழக்கு இல்லை. ஆனால் அதே மத்ஹபின் பெரும் இமாமாகிய அபூ யூஸுஃப் அவர்கள், கட்டாயப்படுத்தத்தான் வேண்டும் என்று கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காழியாக அமர்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பாக இல்லை. மன்றத்தில் உட்கார்ந்தவருக்குத்தான், மன்றத்துக்கு வர முடியாதவர்களின் நினைவு வரும் போலும்.

இதை ஆராய்ந்தால் ஒன்று விளங்கும். ஹனஃபிகளின் தயக்கம் இரக்கத்தைப் பற்றியது அன்று, வழக்குமுறையைப் பற்றியது. வாதி யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் தடை நீங்குகிறது. இன்றைய சட்டங்கள் செய்வது அதைத்தான். கால்நடைத் துறை அதிகாரிக்கு வாதியின் இடத்தை அவை கொடுக்கின்றன.

ஸுல்தானுல் உலமா என்று புகழப்பெற்ற இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (காலமானது ஹிஜ்ரி 660, கி.பி. 1262) இன்னும் ஒரு படி மேலே சென்று, மனிதன்மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். கிழடு தட்டியோ நோய்வாய்ப்பட்டோ இனி ஒரு பயனும் இல்லையென்று ஆன பிராணிக்கும் தீனி போட வேண்டும்; அதைத் துன்புறுத்தும் வேறு பிராணிகளோடு அடைக்கக்கூடாது; அறுக்கும்போது நயமாக அறுக்க வேண்டும்; அதன் குட்டியை அதன் கண்முன்னே அறுக்கக்கூடாது. இவை அவற்றிற் சில. பயனற்றுப் போனதற்கும் தீனி என்ற இடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். வியாபாரியின் புத்திக்கு அது எளிதில் இறங்காது. பயனில்லாத சரக்கை நாம் கிட்டங்கியில் வைப்பதில்லை. அவரோ அதைச் சரக்கென்று எண்ணவில்லை. ஹக்குடைய ஒன்றென்று எண்ணினார்.

இனி, இந்நாட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

மலாயாவில் 1953-ஆம் ஆண்டில் பிராணிகள் சட்டம் இயற்றப்பட்டது. பிராணிகளைக் கொடுமை செய்தால் 200 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்நாளில் 200 வெள்ளி பெரிய தொகை. ஆனால் காலம் ஓடிற்று, தேநீர் விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, அபராதம் மட்டும் அறுபது ஆண்டுகள் அசையாமல் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் போட்ட விலைச்சீட்டோடு எந்தக் கடையும் நடக்குமா? 2013-இல் திருத்தம் வந்து உச்ச அபராதம் 50,000 ரிங்கிட் ஆயிற்று. பிறகு 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் நிறைவேறி, 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 29-ஆம் பிரிவுப்படி கொடுமை செய்தவனுக்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 1,00,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வளர்ப்பவன் செய்ய வேண்டிய கடமைகளும் அதில் எழுதப்பட்டுள்ளன. 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் ஒரு தானியங்கிச் சலவைக் கடையில் கர்ப்பிணிப் பூனையொன்றை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற கொடுமை நாட்டையே கலங்க வைத்தது நினைவிருக்கலாம். அவ்வழக்கில் ஒருவனுக்கு 2019-இல் 34 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1953-இல் இயற்றியபடியே பழைய சட்டம் இருந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் போயிருக்க வழியில்லை.

நமது சிங்கப்பூர்ச் சகோதரர்களும் சும்மா இருக்கவில்லை. அங்கே 1965-ஆம் ஆண்டின் விலங்குகள் பறவைகள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, கொடுமைக்கு 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் என்றும், மீண்டும் செய்வோருக்கு அதனினும் இருமடங்கு என்றும் ஆக்கப்பட்டது. வீவக வீடுகளில் பூனை வளர்க்கக்கூடாதென்று 1989 முதல் இருந்த தடையும் 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கி, உரிமம் பெற்று வளர்க்கலாம் என்றாயிற்று.

அப்படியானால் இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். குறை மேலே இல்லை, கீழே இருக்கிறது. நமது கூட்டரசு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில், பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுப்பது என்ற விஷயம் பொதுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதாவது மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநில அரசும் செய்யலாம். சபா மாநிலம் 2015-இல் தனக்கென ஒரு விலங்குநலச் சட்டம் செய்துகொண்டது. தீபகற்பத்தில் வாழும் நாமோ, மத்திய சட்டம் ஒன்று இருப்பதால் மாநிலத்தின் பொறுப்பு முடிந்துவிட்டதென எண்ணியிருக்கிறோம். ஆனால் தெருவில் நடப்பது என்ன? நாய்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது, பிடிப்பது, கொல்வது எல்லாம் ஊராட்சி மன்றங்களின் துணைச் சட்டங்களின்படி நடக்கின்றன. அத்துணைச் சட்டங்கள் மாநில அரசு உறுதிப்படுத்தினால்தான் நடப்புக்கு வரும். ஆகவே நமது பின்சந்தில் விழுந்த அந்தச் சுருக்கின் ஒரு முனை கோலாலம்பூரில் இல்லை. மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறது. நமது வாக்குக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வட மாநிலங்களில் வெறிநாய்க் கடி நோய் தோன்றியது. செப்டம்பரில் பினாங்கு மாநில அரசு தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவிட்டது. எதிர்ப்பும் பலமாக எழுந்தது. அப்போது நமது கடைவீதியில் என்ன பேச்சு இருந்ததென்பது நமக்குத் தெரியும். “தொல்லை விட்டது” என்றோம். பேசியவர்களில் நாமும் ஒருவர். அச்சம் நியாயமானதே. அந்த நோய் வந்த மனிதன் பிழைப்பது மிக அரிது. சரவாக்கில் 2017 முதல் பல உயிர்கள் போயின. ஆனால் கொல்வதால் நோய் நிற்கிறதா? உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது, நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும். கொன்று குவிப்பதால் நிற்பதில்லை என்பதே. ஊசி போட்ட நாயைக் கொன்றால், அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும். குப்பைத் தொட்டியில் மீந்த சோறும் எலும்பும் இருக்கும்வரை நாய் வந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் சோறும் எலும்பும் யாருடைய கடையிலிருந்து வந்தவை என்பதையும் சற்றே சிந்திக்க வேண்டும்.

2024 அக்டோபரில் திரங்கானுவின் பெசூட்டில் கோப்பி என்று மக்கள் செல்லமாக அழைத்த தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டதாக வந்த செய்தியும், அதையொட்டி எழுந்த கூக்குரலும் இன்னும் மறக்கப்படவில்லை. அந்த நாய்க்காகக் குரல் கொடுத்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர்.

நாய் நஜிஸ் அல்லவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஷாஃபி மத்ஹபில் அதன் ஈரம் பட்டால் மண்ணும் சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும். நாம் அதை மறுக்கவில்லை, கடைப்பிடிக்கிறோம். ஹனஃபிகளுக்கு அதன் எச்சில் அசுத்தம். மாலிகிகளோ அதைச் சுத்தமென்பர். ஆனால் நஜிஸ் என்பது நம் ஆடையையும் பாத்திரத்தையும் பற்றிய சட்டம். அதன் கழுத்தைப் பற்றிய சட்டமன்று. தாகத்துக்கு நீர் கொடுத்தவன் மன்னிப்புப் பெற்ற அந்த வரலாற்றில் குடித்தது நாய்தான்; குகைத் தோழர்களோடு குர்ஆனில் இடம்பெற்றதும் நாய்தான். தொட்டால் கழுவ வேண்டும் என்ற சட்டத்தை, தொட்டால் அடிக்கலாம் என்று நாம் எந்த நாளில் மாற்றிப் படித்தோமோ!

இதனினும் கனமான ஆட்சேபம் ஒன்றிருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க நமக்கு மனமில்லை. “பிராணிப் பாதுகாப்பு என்ற பெயரில் நாளை நமது அறுப்புக்கே தடை வரும்” என்கிறார்கள் பெரியவர் சிலர். இது வீண் பயமன்று. ஸ்விட்சர்லாந்தில் 1893-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், மயக்கமூட்டாமல் அறுப்பதைத் தடை செய்தார்கள். அதற்குப் பின்னால் யூதர்களின் மீதிருந்த வெறுப்பும் வேலை செய்தது. 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் முதல் சில மாதங்களுக்குள்ளேயே அத்தகைய தடையைப் போட்டார்கள். நமது காலத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ், வலோனியா பகுதிகளில் 2019 முதல் தடை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024-இல் அத்தடையை ஏற்றுக்கொண்டது. ஆட்டின் கண்ணீரைக் காட்டி அயலவனை விரட்டும் வித்தை உலகில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு வேறு. சட்டம் வேண்டாம் என்று ஒதுங்கி நின்றால், சட்டத்தை எழுதுகிறவர் யாரோ ஒருவராக இருப்பார். உட்கார்ந்து எழுதினால் ஹலால் அறுப்பையும் காத்துக்கொள்ளலாம், பிராணியையும் காக்கலாம். இந்தியாவில் 1960-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தபோது, மதமுறைப்படி அறுப்பது குற்றமாகாது என்று 28-ஆம் பிரிவில் தெளிவாக எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முதலில் மசோதா கொண்டுவந்தவர், சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். இந்நாட்டிலோ அறுப்புக்கு ஆபத்து இருப்பதாக எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். பயத்தைப் பெல்ஜியத்திலிருந்து இறக்குமதி செய்து இங்கே சில்லறையில் விற்பது நியாயமன்று.

இன்னொன்றையும் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். 2011-இல் இந்தோனேசிய அறுப்புக் கூடங்களில் மாடுகள் படும் பாட்டைத் தொலைக்காட்சியில் கண்ட ஆஸ்திரேலிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஏற்றுமதி சில வாரங்கள் நின்றது. அதன்பின் அந்நாடு, தன்னிடமிருந்து போகும் மாடும் ஆடும் எந்தக் கொட்டிலில் நிற்கின்றன, எந்தக் கூடத்தில் அறுக்கப்படுகின்றன என்று கடைசி வரையில் கணக்குக் கேட்கும் முறையை ஏற்படுத்தியது. மலேசியாவும் சிங்கப்பூரும் அம்முறைக்குள் வந்தன. குர்பானி ஆட்டை இறக்குமதி செய்வோருக்குப் பெரும் சிரமம், முணுமுணுத்தோம். 2028 மே 1 முதல் செம்மறி ஆடுகளைக் கப்பலில் உயிரோடு அனுப்புவதையே நிறுத்திவிட 2024-இல் அவர்கள் சட்டமும் செய்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கணக்கில் பெரும்பகுதி என்ன? பிராணியை அடிக்காதே, இழுக்காதே, கத்தி கூர்மையாக இருக்கட்டும் என்பதுதானே? ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறீரா என்ற கருத்தில் கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பு நமக்கு வந்து பதினான்கு நூற்றாண்டாகிறது. ஆஸ்திரேலியாவின் படிவத்தைக் கண்டபிறகுதான் நினைவு வந்தது என்றால் வெட்கப்பட வேண்டியவர் யார்? ஹஜ்ஜுப் பெருநாளன்று சில இடங்களில் ஆடுகளைக் காலைக் கட்டி வேனில் அடுக்கிக் கொண்டுவருவதையும், ஒன்றை அறுக்கும்போது மற்றவை வரிசையில் நின்று பார்ப்பதையும் நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். கண்டும் இறைச்சிப் பங்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம்.

கடைக்காரர்களுக்குச் செலவு கூடும் என்ற பேச்சும் உண்டு. கூடத்தான் செய்யும், சிறிது. எலி பிடிக்கும் பசைப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லி, மிளகாய், பருப்பு வைத்திருக்கும் கிட்டங்கியில் எலியை விட்டுவைக்க முடியாது. அது நமக்குத் தெரியும். நாமும் பசைப் பலகையைத்தான் வாங்கி வைத்திருந்தோம். மலிவு. ஒரு பெருநாளுக்கு இரண்டு நாள் கடையடைத்துத் திறந்தபோது, பலகையில் ஒட்டிய எலி உயிரோடு இருந்தது. அது தன் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பலகையில் நமது கடைப் பூனையின் குட்டி. சமையல் எண்ணெயைத் தடவித் தடவி அதை விடுவிக்க ஒரு முற்பகல் ஆயிற்று. இங்கிலாந்தில் 2022-இல் சட்டம் செய்து, 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் இப்பலகையைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கிவிட்டார்கள். ஒரேயடியாகக் கொல்லும் பொறி இருக்கிறது. சுவரோட்டையை அடைக்கச் சிமெண்டு இருக்கிறது. எலியைக் கொல்வது ஆகும். இரண்டு நாள் சித்திரவதை செய்வது ஆகாது. இந்த வேறுபாட்டைச் சட்டம் எழுதாதவரையில், நல்ல பொறி வாங்கும் கடைக்காரனுக்குச் செலவு, பசைப் பலகை வைக்கிறவனுக்கு ஆதாயம். மறுபடியும் கள்ளப் படியின் கதைதான்.

ஆகவே மாநில அரசிடம் நாம் கேட்க நினைப்பது பெரிதொன்றும் இல்லை. பிராணியைப் பிடிக்கும் முறை துணைச் சட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சி பெறாத குத்தகைக்காரரிடம் விடக்கூடாது. பிடித்ததைத் தேடி உரியவரோ, வளர்க்க விரும்புவோரோ வருவதற்குப் போதிய நாட்கள் வேண்டும். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாநில வரவு செலவில் பணம் ஒதுக்க வேண்டும். கருத்தடை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, தேவைக்காக ஆகும் என்போரும் உண்டு, பிறந்தபின் அடித்துக் கொல்வதைவிட அது மேல் என்பது நமது எண்ணம். ஆடு கோழி ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், குர்பானி நடக்கும் இடத்துக்கும் விதி வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் கலந்து அவ்விதியைச் செய்ய வேண்டும். பசைப் பலகை விற்பனை நிற்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு அதிகாரிகளை நியமிக்காமல் விட்டால் பயனில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். முத்திரைச் சட்டம் இருந்து முத்திரை குத்த ஆளில்லாவிட்டால் கடைவீதி என்னவாகும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமது சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க இருக்கும் மனு சங்க அலுவலகத்தில், செயலாளரின் மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் மஃரிபுக்குப் பின் வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். உடன்படாதவர்கள் தங்கள் ஆட்சேபத்தை எழுதித் தந்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.

இம்முறையும் எழுத்து வேலை நம்மிடமே வந்தது. முதற்படியைக் கடையில் வைத்துக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். அடுப்பைத் தணித்துவிட்டு, தோளில் துண்டோடு நின்று முழுதும் கேட்டார். ‘எப்படி’ என்பதற்கு ஒரு பக்கம் முழுதும் ஒதுக்கியிருப்பதைச் சுட்டிக் காட்டினோம்.

“எல்லாம் சரி தம்பி. தாயையும் குட்டியையும் பிரிக்காமப் புடிக்கணுமிண்டு ஒரு வரி போடுங்க” என்றார்.

போட்டிருக்கிறோம். மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து இரண்டாவது வரி.